அம்மாவுக்கு வராத மருந்து

அம்மாவின் வலது கை மீன்கூடையைத் தலைக்குத் தூக்க மறுத்தபோதுதான் அக்குளில் இருந்த கட்டியைப் பார்த்தோம். மார்பகப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்.

சென்னைக் கடற்கரையில், மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்தில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கிண்டியில், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

சிவப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள் (கீமோதெரபி: புற்றணுக்களைக் கொல்லும் சிகிச்சை). கட்டி சுருங்கியது. ஆனால் எக்கோவில் (இதயத்தின் இயக்கத்தைத் திரையில் பார்க்கும் சோதனை) இதயம் தளர்ந்திருந்தது. அந்த மருந்தே இதயத்தையும் தாக்கும். நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலையே அதற்கு மாற்றுத் தேடுவதுதான். மருந்தை நானோ அளவுள்ள மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தால் இதயத்துக்குச் சேதம் குறையும் (நானோ அளவு: மீட்டரை நூறு கோடியாக வகுக்கும் கணக்கு). வெளிநாட்டில் அப்படி ஒரு மருந்து வந்துவிட்டது. நாங்களோ குமிழி உடையாமல் பார்த்துக்கொள்ளவே பழகிக்கொண்டிருந்தோம். நிதி கேட்டு டெல்லிக்கு அனுப்பிய திட்டம், இப்போது அவசரமில்லை என்று திரும்பியிருந்தது.

“அதை வரவழைக்க முடியாதா, டாக்டர்?”

“இங்க இன்னும் வரலம்மா. வந்தாலும் கல்லீரல் தாங்காது.”

அம்மாவுக்கு இது தெரியாது. பக்கத்துப் படுக்கை மும்தாஜ் அக்காவிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

“எம்பொண்ணு மருந்து செய்றா. நானோவாம்.”

“இன்னா பேருக்கா அது?”

“நானோ நீயோன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குடுப்பாங்க போல!”

இருவரும் சிரித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள். “எனக்குத்தானேடி மொதல்ல?”

நானோ என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம். “இல்லம்மா. உனக்கு வராது” என்றேன்.

அம்மா தலையணைக்கடியில் இருந்த சுருக்குப்பையை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, “அப்ப வூட்டுக்கு இட்டுனு போ. இங்க இன்னாத்துக்குப் படுத்துக்கினு?”

இதே இடத்தில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதனால் அம்மாவுக்குச் சில வாரங்கள் தன் வீட்டில் கிடைத்தன. படுத்தபடியே வாசலில் போவோரிடம் மீன்விலை கேட்டாள், விலையைக் கேட்டுத் திட்டினாள். ஒரு மதியம் நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. கால் வெகுநேரம் சூடாகவே இருந்தது.

நிதி அடுத்த ஆண்டு வந்தது. “பத்தாண்டுகளில் பயன்பாட்டுக்கு வரும்” என்று அறிக்கையில் எழுதுகிறோம். முன்பெல்லாம் அந்த வரியை யோசிக்காமல் எழுதுவேன். இப்போது எழுதும்போது இடது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது. பத்தாண்டு என்பது அதற்குத் தெரியாது. அடுத்த துடிப்பு மட்டும்தான் தெரியும்.