பொடி கரையும் வரை

என் தம்பி பெண்டாட்டி வாயைத் திறந்து திட்டினால் சுவரில் பூசிய பெயின்ட் உரிந்து விழும். சரி, உரியாது, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். லேசாக வெடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாய்தான் என் தம்பியை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது என்பதில் கலப்படமே இல்லை.

அவன் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். பழைய கதவிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை நீட்டினால் போதும், அதே நிறத்தைக் கலந்து தருவான். டப்பாவை மூடித் தலைக்கு மேல் தூக்கி ஒரு குலுக்கு குலுக்குவான் பாருங்கள், அலமாரியும் கூடச் சேர்ந்து ஆடும். குலுக்கினால் சரியாகாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவன் நினைப்பு.

அவனுக்கு எச்ஐவி வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு கதை சொன்னான். பெண்டாட்டி பரிசோதனை செய்துகொண்டாள், அவளுக்கு இல்லை. அதன்பிறகு அவள் அவனிடம் பேசியதெல்லாம் திட்டுதான். இவனோ, கடையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை விழுங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். விட்டு விட்டு விழுங்கியதில் கிருமி பழகிக்கொண்டது. மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

கடைசியில் டாக்டர்கள் ஊசி மருந்துக்கு வந்தார்கள். நர்ஸ் விளக்கினார்: "இதுவரைக்கும் நீங்க சாப்பிட்டதெல்லாம், கிருமி உடம்போட உயிரணுவுக்குள்ள போன பிறகு சண்டை போடுற மருந்து. இது வாசல்லயே தடுத்துடும்."

"இந்த ஆள் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பா இதைத்தான் செஞ்சிருக்கணும்," என்றாள் தம்பி பெண்டாட்டி, அவனைப் பார்க்காமலே.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மருந்து பொடியாத்தான் இருக்கும். கூட வர்ற தண்ணியை அதுல விட்டு, புட்டியை உள்ளங்கையில மெதுவா உருட்டுங்க. குலுக்காதீங்க, நுரைச்சுடும். தெளிஞ்ச பிறகு போடுங்க. காலையிலயும் சாயந்திரமும், புது மாத்திரைகளோட சேர்த்து."

முதலில் அவள்தான் உருட்டினாள். அந்தப் பொடி லேசில் கரையாது. கரையும் வரை திட்டுவாள். தெளிந்ததும் நிறுத்திவிட்டு ஊசியை நீட்டுவாள். ஊசி போட்ட இடமெல்லாம் அவன் வயிற்றில் கட்டி கட்டியாக வீங்கியது.

"வயித்துலயும் ஊசி, காதுலயும் ஊசி. ரெண்டுல ஒண்ணுதான் தாங்கும்," என்று ஒருநாள் கத்தினான். "நானே கலக்கிக்கிறேன். கலக்குறது என் தொழில்டீ!"

"தாராளமா. என் கையாவது மிச்சம்."

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொழிலைக் காட்டினான். குலுக்கினான், நுரைத்தது. நுரை போகட்டும் என்று இன்னும் குலுக்கினான். பொறுமை போனதும் புட்டியைக் குப்பையில் போட்டு, மேலே பழைய செய்தித்தாளை வைத்து மூடினான். பிறகு ஊசி போட்டவன் மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். பாதி நாள் இப்படித்தான்.

ரத்தப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. குறைந்திருந்த கிருமி மறுபடி ஏறியிருந்தது. குப்பையில் கிடந்த புட்டிகளைப் பெண்டாட்டி எடுத்துவந்து காட்ட, நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நுரை அடங்குற வரைக்கும் சும்மா வச்சிருந்தா போதுமே! தூக்கியா போட்டீங்க? இதுக்கும் கிருமி பழகிடுச்சுன்னா, உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட பெருசா ஒண்ணும் மிச்சமில்லை."

அன்று சாயந்திரம் அக்கா நானும் அங்கேதான் இருந்தேன். அவன் புட்டியை மேஜையில் வைத்தான். அவள் வெங்காயம் நறுக்கினாள்.

"மருந்து மேஜையில இருக்கு," என்றான் சுவரிடம்.

"வேணும்னா மேஜை கேக்கட்டும்," என்றாள் வெங்காயத்திடம்.

"ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன் நான். அவன் என்னை முறைத்தான். அவள் கத்தியை இன்னும் ஓங்கி வைத்து நறுக்கினாள்.

புட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்குக் குலுக்காம இருக்கத் தெரியலை," என்றான். அத்தனை கதை சொன்ன வாயிலிருந்து வந்த முதல் நிஜம்.

அவள் கையைத் துடைத்தாள். புட்டியைப் பிடுங்கினாள். உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள். "கல்யாணத்தன்னைக்கே லேட்டா வந்த ஆளுதானே நீ..."

பொடி கரைந்தது. அதன்பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. கிருமி மறுபடி இறங்கியிருக்கிறது. இப்படியாக அவள் அவனை மன்னித்தாள் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

புட்டியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, அந்த வரியை அடிங்க. மன்னிப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது. கல்யாணத்தன்னைக்கு நடந்ததுலேருந்து திட்ட ஆரம்பிச்சேன், இன்னும் முதல் வருஷத்தையே தாண்டலை. திட்டி முடிக்கிற வரைக்கும் இந்த ஆள் இருந்தாகணும்."