ஆட்டுக்கு வைத்துப் பார்த்த கருவி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போன பிள்ளை ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைத்தவள் இல்லை.

என் நெஞ்சில் இருக்கும் பேஸ்மேக்கருக்கு பேட்டரி தீரப் போகிறதாம். மகளோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“புதுசு ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கும்மா,” என்றார் டாக்டரம்மா. “இப்ப இருக்கறது கடிகாரம் மாதிரி ஒரே சீரா அடிக்குது. இது நீங்க மூச்சை இழுத்தா கொஞ்சம் வேகமா, விட்டா மெதுவா அடிக்கும். ஆடு மாடு, மனுஷன், எல்லாருக்கும் இயற்கை அதுதான். செம்மறி ஆட்டுக்கு வச்சுப் பாத்தாச்சு, நெஞ்சுக்குப் பலம் கூடுச்சு.”

“அந்த ஆடு இப்ப எங்க?”

அவர் மேசையிலிருந்த சம்மதப் படிவத்தை எடுத்தார். “நெஞ்சை அறுத்துப் பாக்க வேண்டியிருந்துச்சும்மா.”

மகள் சிரித்துவிட்டாள். “ஞாயித்துக்கிழமை கறி தின்னப்ப இந்தக் கேள்வி வரலியே!”

“சும்மா இருடி. அது வயித்தோட போச்சு. இது எனக்குள்ள உக்காந்து என் மூச்சைப் பாத்து அடிக்கப் போவுது.”

அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவோம். கிடைக்காரருக்குக் காலையில் கஞ்சி கொண்டுபோவேன். ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். நாய் குரைத்தால் எல்லா விலாவும் ஒன்றாகப் படபடக்கும். நாய் போனதும் தானாக அடங்கும். அடங்கு என்று வெளியிலிருந்து யாரும் சொன்னதில்லை.

“எனக்கு ஒத்துக்கலன்னா?” என்று கேட்டேன்.

“பழையபடி மாத்திடுவோம்மா.”

“ஒத்துக்கலன்னு யாரு சொல்றது?”

“நாங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டுச் சொல்லுவோம்.”

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து ஒரு வாரமாகிறது. வாய்க்கால் வரப்பில் மூச்சு வாங்கி, பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிறேன். பழையபடி நடக்க ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்தால் அந்த ஆட்டின் விலா கண்ணில் நிற்கிறது. அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. என்னைக் கேட்கிறார்கள், அதுவும் வைப்பதற்கு மட்டும், பாதிதான்.

இன்று படிவத்தின் பின்பக்கம் நானே எழுதினேன். ‘உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னால், கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், பழையபடி மாற்ற வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால்தான் என் கையெழுத்து.’ மூன்று வரிக்கு ஒரு காலைப் பொழுது போனது. எழுதியும் மனம் ஆறவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

“இதைப் படிச்சுக் காட்டுடி. டாக்டரம்மா எதிர உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுகிட்டு, சத்தமாப் படி.”