குற்றம் செய்யாதவர்களுக்கு வாலிபால் கிடையாது

எங்கள் சந்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் ஒரு மஞ்சள் பனியன் காய்ந்துகொண்டிருந்த அன்றுதான், திருட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதல்முறையாக வந்தது. அந்தப் பனியனை அல்ல. அது என் அண்ணனுடையது. முதுகில் ஏழாம் எண், மார்பில் சந்து முனையில் இருந்த, சௌகி என்று நாங்கள் சொல்லும் சின்னப் போலீஸ் நிலையத்தின் பெயர். அதைப் போட்டுக்கொண்டு அவன் தாராவி முழுக்க வேலையில்லாமல் நடந்தான். அம்மா அதைத் தன் கல்யாணப் புடவையைப் போலத் தனித் தண்ணீரில் அலசிப் போட்டாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வகுப்பில் முதல் மாணவி. அம்மாவின் இட்லி வியாபாரத்துக்கு மாவு கரைப்பதும் அண்டா கழுவுவதும் தங்கையைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். எனக்கு யாரும் ஒரு கைக்குட்டைகூடக் கொடுத்ததில்லை. அண்ணன் செய்த சாதனையோ, பந்தயத்துக்காக ஒரு கடையின் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தது.

பனியன் கொடுத்தவர் சௌகியின் ஹவல்தார். சாத்தாரா பக்கத்து மராத்திக்காரர். இருபது வருடம் எங்கள் சந்துகளில் லத்தியோடு சுற்றியதில் எங்களுடைய திருநெல்வேலித் தமிழ் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மாட்டுங்காவிலிருந்து வந்த கண்ணியமான ஒரு வக்கீலைக்கூட "என்னல?" என்றுதான் விசாரித்தார். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. புகார் வந்த பையன்களின் பெயர்கள் அதில் ஏறும். பெயர் ஏறியவன் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்து வாலிபால் ஆட வேண்டும். வந்தால் பனியன், கேன்வாஸ் ஷூ, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அவித்த முட்டை. ஒரு சீசன் முழுக்கப் புகார் இல்லாமல் ஆடினால் பெயரை அடித்துவிடுவார். "அஞ்சு மணிக்கு மேல கை சும்மா இருந்தாத்தாம்ல தப்பு பண்ணும். பந்தைக் குடுத்துட்டா அது பாட்டுக்கு அதைத் தட்டிட்டுக் கெடக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். அது பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் எங்கள் பக்கம் சைக்கிள்கள் காணாமல் போவது நின்றுவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ஒழுங்கான பையன்களுக்கு வயிறு எரிந்தது. வாத்தியார் வீட்டுப் பையன் ஒருவன் தானாகவே சௌகிக்குப் போய், மாங்காய் திருடியதாக ஒப்புக்கொண்டான். "ஏல, இது மாங்கா சீசனே இல்லல்லா" என்று ஹவல்தார் அவனைத் திருப்பி அனுப்பினார். பொய்க் குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

நாங்கள் ஆறு பெண்கள் முறையாகக் கேட்டுப் பார்க்கத்தான் போனோம். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முட்டைகூட வேண்டாம் என்றோம். அவர் மனதாரச் சிரித்தார். "பொம்பளப் புள்ளைய தப்பே பண்ணாதுவளே. பொறவு உங்களுக்கு எதுக்கு ஸ்கீமு? வீட்டுக்குப் போங்க, நல்ல புள்ளைய" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. என் உயரத்துக்கும் என் கைவீச்சுக்கும் அண்ணனைவிட நன்றாக ஆடுவேன் என்று எனக்குத் தெரியும். நல்லவளாக இருந்து கண்ட பலன் இது என்றால், அந்த நல்ல பெயரே வேண்டாம் என்று தோன்றியது.

ஆகவே வலையைத் திருடினோம். மதியம் மூன்று மணிக்கு, எல்லோரும் நடமாடும் நேரத்தில், நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தேன். வலையைச் சுருட்டி அம்மாவின் இட்லி அண்டாவுக்குள் வைத்து மூடினோம். ஒளிந்துகொள்வது எங்கள் திட்டத்திலேயே இல்லை. மாட்ட வேண்டும், நோட்டில் பெயர் ஏற வேண்டும். துப்புக் கிடைக்காமல் ஹவல்தார் திணறக்கூடாதே என்று என் சிவப்பு ரிப்பனைக் கம்பத்திலேயே கட்டிவிட்டு வந்தேன். அண்டாவைத் தலைக்கு ஏற்ற முடியாமல் நான் தடுமாறியபோது அவரே எதிரில் வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ, "தனியாத் தூக்காத, கழுத்துப் பிடிச்சிக்கிடும்" என்று அண்டாவைத் தூக்கி என் தலையில் சும்மாட்டின் மேல் பதமாக வைத்துவிட்டு, வழியில் நின்றவர்களையும் விலக்கிவிட்டார். வலை என் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் அந்த ரிப்பனை அவரே அவிழ்த்து, "யாரோ சின்னப் புள்ளையோடது, குடுத்துரு" என்று என்னிடமே கொடுத்தார்.

மறுநாள்தான் எங்கள் புத்திக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை குர்லா அணியோடு ஆட்டம், பெரிய இன்ஸ்பெக்டர் வருகிறார், வலையைக் காணோம். நோட்டில் பெயர் இருந்தவர்கள் அத்தனை பேரும் சௌகியில் உட்காரவைக்கப்பட்டார்கள். அணித் தலைவன் என்பதால் அண்ணன் மேல்தான் சந்தேகம் அதிகம். அவன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். அதற்குப் போலீஸ் நற்சான்றிதழ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு சீசன் முடிந்து அவன் பெயர் நோட்டிலிருந்து போக வேண்டியது. "உம் பேர அடிக்கணும்னு பேனாவைத் தொறந்து வச்சிருந்தேம்ல" என்று ஹவல்தார் வருத்தத்தோடு சொன்னாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் ஆறு பேரும் போய் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தோம். ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்துவிட்டது. நான் மட்டும் வலையை அதே அண்டாவில் வைத்துச் சுமந்துகொண்டு சௌகிக்குப் போனேன். "சாப், நான்தான் எடுத்தேன்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணன் அனுப்பிச்சானா? பாவம், தங்கச்சி தலையில போடுதான் பாரு" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றம் செய்துவிட்டு, அதை என் பெயரில் பதிவதற்கு மன்றாடினேன்.

"அண்ணனுக்குக் கம்பம் ஏறத் தெரியாது சாப். வேணும்னா கேட்டுப் பாருங்க." அவர் நம்பாமல் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சரசரவென்று ஏறி, வலையை இழுத்துக் கட்டி, முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் போட்டுக் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. அப்போதும் அவர், "கட்டுத சரி, இம்புட்டுப் பெரிய வலைய எல்லாரும் பாக்க எப்படிக் கொண்டு போன?" என்று வக்கீல் மாதிரிக் கேட்டார்.

"இந்த அண்டாலதான் சாப். நீங்கதான் தூக்கிவிட்டீங்க."

ஹவல்தார் அண்டாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து எல்லோரையும் விரட்டினார். சௌகிக்குத் திரும்பி நோட்டைத் திறந்தார். முதலில் அண்ணனின் பெயரைத் தடிமனாக அடித்தார். அதற்குக் கீழே என் பெயரை எழுதினார். குற்றம் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. திருட்டு என்று எழுதினால் உடந்தை யார் என்றும் எழுத வேண்டும். கடைசியில் மராத்தியில் 'சந்தேகம்' என்று மட்டும் எழுதினார். வயிற்றுவலிக்காரிகள் ஐவரும் அதற்குள் குணமாகி வாசலில் வரிசையாக நின்றார்கள்.

செய்தி கேட்டு அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "எம் மவ பேரு போலீசு நோட்டுலயா? நாளைக்கி அவள யாரு சாப் கட்டுவா? அழிங்க மொதல்ல!" ஹவல்தார் எழுந்து நின்றே பதில் சொன்னார். "அழிச்சிருதேம்மா. அழிச்சா நாளைலேருந்து அவ ஆட முடியாது. ரூலு அப்படி." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அடி விழும் என்ற பயத்தில் அல்ல என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்பம் சின்னவ பேரையும் சேத்து எழுதிக்கிடுங்க. அவளும் லேசுப்பட்டவ இல்ல" என்றாள்.

இப்போது நான் செம்பூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஹவல்தார் இன்று இல்லை. மாலையில் தேவ்நார் பக்கத்துப் பெண்களுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். இளைஞர்கள் கெட்டுப்போகாமல் தடுக்கும் திட்டம் ஒன்றிலிருந்து போன மாதம் ஓர் இளம் அதிகாரி வந்தார். பந்தும் வலையும் தருவார்களாம். நீளமான படிவம் ஒன்றை நீட்டி, இந்தப் பெண்கள் என்னென்ன குற்றங்களில் ஈடுபட்டார்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு இந்த உதவி என்றார், அவரும் சிரித்துக்கொண்டே. வெளியே இருபத்திரண்டு பெண்கள் ஓட்டைப் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, குற்றத்தின் வகை என்ற இடத்தில் 'விளையாட ஆசை' என்று எழுதிக் கொடுத்தேன்.