இரண்டாவது கேஸ்கட்

1. கார் நின்ற இடம்

யட்டியாந்தோட்டையைத் தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். பானட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. காரை ஓரம் கட்டினேன். மணி ஏழே கால்.

பக்கத்து சீட்டில் ஹட்டன் பசார் டெய்லர் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ரெக்ஸின் பை. அவரே தைத்தது. உள்ளே அவருடைய அப்பா தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டும் பத்துச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அரிசிக் கூப்பன் புத்தகம் என்று இந்த நாட்டில் அவர் இருந்ததற்கான அத்தாட்சி எல்லாம் இருந்தது. பத்து மணிக்குக் கொழும்பில் அவருக்குப் பிரஜாவுரிமை விசாரணை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இந்த முறை வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதத்திலேயே அடித்து அனுப்பியிருந்தார்கள்.

"என்னண்ணே, தண்ணி சூடாயிருச்சா?" என்று கேட்டார்.

"இருங்க மாஸ்டர், பாப்போம்."

மூன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினேன். நுனியில் ஈயப் பொட்டு மாதிரி உலோகம் உருகி ஒட்டியிருந்தது. பிஸ்டன் தலையில் ஓட்டை. ரோட்டோரத்தில் வைத்துச் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

என்ஜினுக்கு வேகம் கூட்டுகிற சாமான்களை நாமே மாட்டலாமா, கராஜில் விட வேண்டுமா என்று இந்தக் காலத்துப் பையன்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதற்கு என் பதில் அந்த ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

2. துரை விற்ற பெட்டி

ஹட்டன் ஸ்டாண்டில் பதினாறு வருஷம் ஹயரிங் கார், அதாவது வாடகைக் கார் ஓட்டினேன். என்னுடையது ஏ ஃபோர்ட்டி ஒஸ்டின். தட்டையான ரோட்டில் தங்கம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்துவிட்டு முந்துவான். இரண்டு தரம் அப்படி ஆனால் அடுத்த தரம் ஆட்கள் அவன் காரில்தான் ஏறுவார்கள்.

ஐம்பத்தொன்பதோ அறுபதோ, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டார். அவரிடமும் ஏ ஃபோர்ட்டிதான். நுவரெலியாவில் சீசன் காலத்தில் மலை ஏறும் பந்தயத்துக்கு ஓட்டுவார். அதற்காகச் சீவிய சிலிண்டர் ஹெட் ஒன்று, பெரிய காபரேட்டர் ஒன்று, மெனிஃபோல்ட் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். ஹெட்டைச் சீவினால் உள்ளே இடம் குறையும், கம்பிரஷன் ஏறும், இழுவை கூடும். காரை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பெட்டியை நான் கேட்டேன்.

துரை மிகவும் குறைவாக ஒரு விலை சொன்னார். அங்கேயே எனக்கு முதல் சந்தேகம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லை எண்ணிவிட்டு, அது கட்டின பல்லோ என்றும் பார்க்கிற ஆள். ஹெட்டைக் கண்ணாடி மேல் வைத்து நெளிவு இருக்கிறதா என்று பார்த்தேன். வெடிப்பு தெரியுமா என்று மண்ணெண்ணெய் தடவினேன். துரை சுருட்டைப் புகைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ நம்ப மாட்டே. சரி. கினிகத்தேனை பாஸ்கிட்ட போ. அவன் செஞ்சான். அவன் தெரியும்" என்றார் தோட்டத் தமிழில்.

3. காற்றுக்குக் கனமா

பியதாச பாஸ் கினிகத்தேனைச் சந்தியில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்த மெக்கானிக்; கைவேலைக்காரர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; என்னை மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஹெட்டைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது நான் சீவினது மல்லி. நல்ல சாமான். இங்க விடுங்க, ரெண்டு நாள்ல மாட்டித் தாறேன்."

"நானே மாட்டலாமா பாஸ்?"

"மாட்டலாம். உங்களுக்குக் கை இருக்கு. ஆனா கேஸ்கட் ரெண்டு போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு."

"ரெண்டு தகடு போட்டா ஹெட் ஒசந்து, ஏறின கம்பிரஷன் எறங்கிருமே?"

"கொஞ்சம் எறங்கும். பரவாயில்ல. துரை மேல மட்டும் ஓடினது. நீங்க கீழ எல்லாம் போற ஆள். மேல காத்து லேசு மல்லி. கீழ காத்து கனம். ஒரு கேஸ்கட்ல கீழ போனா என்ஜின் தட்டும். தட்டிக்கிட்டே ஓடினா பிஸ்டன் ஓட்ட."

சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய புதுக் கேஸ்கட் ஒன்றை எடுத்துக் காசு வாங்காமல் என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் யோசித்ததைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பாஸின் மச்சான் அதே ரோட்டில் ஹயரிங் கார் ஓட்டினார். என் கார் வேகமாக ஏறினால் நஷ்டம் அவருக்கு. ஹெட்டைச் சீவி கம்பிரஷன் ஏற்றிவிட்டு, பிறகு இரண்டு கேஸ்கட் வைத்து இறக்கு என்றால் என்ன அர்த்தம்? காற்றுக்குக் கனமாம், யாரிடம் கதை விடுகிறார்? போதாததற்குக் கேஸ்கட் வேறு இனாம். அப்போது தமிழர்களை அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பாஸ் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் இல்லை. ஆனாலும் சிங்களவர் ஒருவர் சிரித்துக்கொண்டு ஏதாவது கொடுத்தால் ஏன் என்று கேட்கிற மனசு எங்களில் பலருக்கு வந்திருந்தது. எனக்கு அது முன்பே இருந்த குணம், இன்னும் கொஞ்சம் முற்றியது.

சரி, ஹட்டன் கராஜ்களில் விடலாம் என்றால் அவர்களையும் நம்ப மாட்டேன். சர்விஸுக்கு விட்டாலே பிளக்கில் ஆணியால் கீறி அடையாளம் வைத்துவிட்டு விடுகிறவன் நான். ஆகவே நானே மாட்டுவது, ஒரே கேஸ்கட் போடுவது என்று முடிவு செய்தேன்.

4. ஞாயிற்றுக்கிழமை வேலை

வேலையைப் பொறுத்தவரை இன்றைக்கும் எனக்குக் குறையில்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, புஷ் ரொட்களை ஓட்டை போட்ட அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வைத்தேன். புளொக்கின் முகத்தைக் கண்ணாடி மாதிரி சுரண்டினேன். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். என்ஜின் சூடேறி ஆறிய பின் இன்னொரு தரம் இறுக்கினேன். பிளக்கில் பொறி விழுகிற நேரத்தை, அதுதான் டைமிங்கை, காதால் கேட்டே வைத்தேன். கொஞ்சம் முன்னால் வைத்தபோது என்ஜின் இன்னும் இனிமையாக ஓடியது, அப்படியே விட்டேன்.

என் மனைவி காமாட்சி தேத்தண்ணி கொண்டுவந்தவள், சுவரில் தொங்கிய இரண்டாவது கேஸ்கட்டைப் பார்த்துவிட்டாள்.

"அது எதுக்கு மிச்சம்?"

"பாஸ் குடுத்தது. போடச் சொன்னாரு. போடல."

"சோத்துல உப்பு போட்டேன்னு நான் சொன்னாலே தொட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் நம்புற மனுசன். அவரு சொல்லியா கேக்கப் போறீங்க?" என்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு வந்தேன். மூன்றாம் கியரை மாற்றவே இல்லை. தண்ணீர் கொதிக்கவில்லை. வழியில் பாஸின் மச்சானை முந்தினேன். ஹோர்ன் அடித்துத்தான் முந்தினேன்.

5. கினிகத்தேனைச் சத்தம்

இரண்டு வாரம் ராஜ வாழ்க்கை. ஒரே ஒரு குறை. கினிகத்தேனையில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் என்ஜினில் ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் பயறு போட்டுக் குலுக்குகிற மாதிரி. ஒரு மைல் மேலே ஏறியதும் நின்றுவிடும். ஹட்டனில் இல்லை, தலவாக்கலையில் இல்லை, நுவரெலியாவில் சுத்தமாக இல்லை. கினிகத்தேனையில் மட்டும்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு வாடகை கிடைத்த ஊர்களிலேயே மலையில் மிகவும் கீழே இருந்தது கினிகத்தேனைதான். பாஸ் சொன்ன 'தட்டும்' என்ற வார்த்தை அதுதான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? நான் பாஸின் கொட்டகைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறேன். அந்த நேரத்தில் யாரோ பானட்டைத் திறந்து என்னமோ செய்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த நாளிலிருந்து சந்திக்கு அரை மைல் தள்ளி நிறுத்தினேன். பானட்டில் ஒரு நூலைக் கட்டி வைத்தேன். நூல் அறுபடவில்லை. சத்தமும் நிற்கவில்லை. நூலை அறுக்காமல் திறக்கத் தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

6. ஏழே கால் மணி

அந்த வாரம் வட்டவளையில் மண்சரிந்து ரயில் பாதை மூடிவிட்டது. சாயங்காலம் சவரிமுத்து ஸ்டாண்டுக்கு வந்தார். கொழும்பு ரயில் இல்லை என்று ஸ்டேஷனில் கையை விரித்துவிட்டார்களாம்.

"ஸ்டாண்டுல எட்டு காரு நிக்கிது மாஸ்டர். ஏன் என்கிட்ட?" என்று கேட்டேன். அப்போதும் என் புத்தி அப்படித்தான் ஓடியது.

"ஒங்க காரு பறக்குதுன்னு ஊரே பேசுது. அதோட நீங்க எதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துத்தான் செய்வீங்க. எனக்கு நாளைக்கு விட்டா வேற நாள் இல்லண்ணே. பொம்பளப் புள்ள ரெண்டு இருக்கு."

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கினிகத்தேனையில் சத்தம் ஆரம்பித்தது. கித்துல்கலைக்கு இறங்கும்போது எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சத்தம் நிற்கும், அழுத்தினால் வரும். அங்கே நிறுத்தி டைமிங்கைப் பின்னுக்கு வைத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. மெதுவாகப் போயிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். பாஸ்தான் ஏதோ செய்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, மாஸ்டரை நேரத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று அழுத்தினேன். மிச்சம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் வந்த பஸ் நிரம்பி வழிந்தது, கையைக் காட்டியும் நிற்கவில்லை. அடுத்தது வர முக்கால் மணி நேரம். அது அவிசாவளை வரைதான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சவரிமுத்து ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டார். "நீங்க காரப் பாருங்கண்ணே, நான் போய்ச் சேந்துருவேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு 'ஆஜராகவில்லை' என்று எழுதியாகிவிட்டது. கார் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். "எல்லாரும் சொல்ற கததான் இது" என்றாராம் கிளார்க்.

7. பாஸ் கேட்ட கேள்வி

காரை லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு கினிகத்தேனைக்குத்தான் வர வேண்டியிருந்தது. பாஸ் ஹெட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரே கேஸ்கட். கையைத் துடைத்துக்கொண்டு வேறொன்று கேட்டார்.

"மல்லிக்கு என்னோட கோவமா? கடை கிட்ட கார் நிறுத்துறது விட்டாச்சு. நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சேன்."

இல்லை பாஸ் என்றேன். அவர் புது பிஸ்டன் போட்டு, இரண்டு கேஸ்கட் வைத்து, டைமிங்கைப் பின்னுக்கு இறக்கிக் கொடுத்தார். அந்தக் கார் அதன்பின் கொழும்புக்கு எத்தனையோ தரம் ஒரு சத்தமில்லாமல் போய்வந்தது.

மனு தள்ளுபடியான கடிதம் சவரிமுத்துவுக்கு வந்தது. மேலே எழுதிப் போட நான் ஒரு கடிதம் கொடுத்தேன். என் கார் எதிர்பாராத விதமாகப் பழுதாகி நின்றது என்று அதில் எழுதினேன். அந்த 'எதிர்பாராத' என்ற சொல் பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். கடிதம் எடுபடவும் இல்லை.

ஆக, நீங்களே மாட்டலாமா என்றால், கை பழகியிருந்தால் மாட்டலாம். ஆனால் சொல்கிறவன் யார் என்று பார்க்காதீர்கள், சொல்வது என்ன என்று பாருங்கள். எந்த ரோட்டில் ஆளை ஏற்றப் போகிறீர்களோ அந்த ரோட்டில் முதலில் தனியாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் ஊரைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் வேலையைச் சந்தேகப்படுங்கள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், என் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

8. ஹட்டன் ஸ்டேஷன்

இரண்டு மூன்று வருஷம் கழித்து சவரிமுத்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டார். திருச்சிப் பக்கம் அவருடைய தாத்தா ஊர் இருக்கிறதாம். அவர் அதைப் பார்த்ததே இல்லை. தையல் மெஷினைச் சாக்கில் கட்டி, அவர்களை ஸ்டேஷனுக்கு என் காரில்தான் கொண்டுபோனேன். பிளாட்ஃபோர்மில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சவரிமுத்து என் பக்கம் வந்து நின்றார்.

"கேக்கணும்னே இருந்தேண்ணே. அன்னைக்குக் காருக்கு என்னதான் ஆச்சு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அவரே கேட்டும்விட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்துச்சு மாஸ்டர்" என்றேன்.

"அதான பாத்தேன். நீங்க செஞ்ச வேலையில பழுது வராதேன்னு அப்பவே வீட்டுல சொன்னேன்" என்றார். மனைவியைக் கூப்பிட்டு அவரிடமும் அதைச் சொன்னார். வண்டி வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.