குளியல் நேரத்துத் தமிழ்

இந்த நாட்டில் பிள்ளையைச் சறுக்கில் ஏற்றுவதற்கு முன் நான் அவளுடைய காதைக் கழற்ற வேண்டும். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சறுக்கு பிளாஸ்ரிக்கால் ஆனது. அதில் உரசிக்கொண்டு இறங்கினால் உடம்பில் மின்சாரம் ஏறுமாம். அது அவளுக்குக் கேட்க வைக்கிற கருவிக்குள் பதிந்திருப்பதை அழித்துவிடுமாம். ஆகவே என் மகள் ஆரணியின் தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்ட வில்லையை எடுத்து, காதுக்குப் பின்னாலுள்ள மைக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அவளுடைய மார்போடு கட்டியிருக்கும் சின்னப் பெட்டியையும் எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைப்பேன். அதன்பிறகு சத்தமே இல்லாத ஓர் உலகத்தில் அவள் ஏறி, சிரித்துக்கொண்டு சறுக்கி வருவாள். ஒருநாள் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வோக்மனா என்று கேட்டாள். நான் எந்நேரமும் பாட்டுப் போட்டு விட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "நோ மியூசிக். ஹேர் இயர்" என்றேன், இது அவளுடைய காது என்று. அவளுக்கு விளங்கவில்லை. "நைஸ்" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆரணி யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவள். பங்கருக்குள் மற்றப் பிள்ளைகள் வீரிட்டு அழும்போது அவள் என் மடியில் நித்திரையாக இருப்பாள். "உன்ரை பிள்ளை நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று அயலுக்குள் சொல்லுவார்கள். நிலம் அதிர்ந்தால் மட்டும் கண்ணை விழித்துப் பார்ப்பாள். அதிராவிட்டால் அசையமாட்டாள். அந்த வேறுபாடு அப்போது யாருக்குத் தெரிந்தது? உயிரோடு இருப்பதே பெரிய காரியமாக இருந்த நாட்கள் அவை.

இங்கே வந்த முதல் மாரியில் கட்டடத்து நெருப்பு அலாரம் அடித்தது. நாங்கள் பதறி எழுந்தோம். அலாரத்துக்கு நேர் கீழே இருந்து இரண்டு கரண்டிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள் ஆரணி. சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே இவர், என் கணவர், அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவள் ஏன் திரும்பிப் பார்க்கேல்லை?" என்று மெல்லக் கேட்டார். நெருப்பு ஒன்றும் இல்லை, யாரோ கறியை அடிப்பிடிக்க விட்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்துக் கதைத்தபடி வீட்டுக்குத் திரும்பினார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

வைத்தியசாலையில் டொக்டர், "டஸ் ஷீ ஸ்ராட்டில்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது ஸ்ராட் மட்டும்தான். நடக்கத் தொடங்கிவிட்டாளா என்று கேட்கிறார் என நினைத்து, "யெஸ், யெஸ், ஷீ ஸ்ராட்" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, தன் தோள்களைத் தூக்கித் திடுக்கிட்டுக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. என் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒருநாளும் அப்படித் திடுக்கிட்டதில்லை. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

மூன்று வயதில் காதுக்குள் கருவி பொருத்துகிற சத்திரசிகிச்சை நடந்தது. காயம் ஆறியபின் கருவியை முதன்முதலாக இயக்கியபோது அவள் வாயைக் கோணி அழத் தொடங்கினாள். அவள் அழுவதைப் பார்த்து நாங்கள் இருவரும் சந்தோஷத்தில் அழுதோம். அந்தச் சந்தோஷத்தோடேயே பேச்சுப் பயிற்சி தருகிற ரீச்சரிடம் போனோம். நல்ல மனுசி, ஆரணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: பிந்திக் கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கு இரண்டு மொழி பாரம். பள்ளிக்கூடத்து மொழியையே வீட்டிலும் கதையுங்கள். காலையிலிருந்து படுக்கும்வரை கதையுங்கள், மனதில் வருவதையெல்லாம் கதையுங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். என் மனதில் வருவதெல்லாம் தமிழில் வருகிறது என்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "பிள்ளை கதைச்சால் காணும். எந்தப் பாஷையெண்டால் என்ன?" என்றார் இவர்.

"நான் என்னத்தைக் கதைக்கிறது? அப்பிள், பஸ், சூஸ்... வேறை எனக்கு என்ன தெரியும்?"

"அதையெண்டாலும் கதையும்."

கதைத்தேன். திஸ் இஸ் மில்க். மில்க் இஸ் வைற். ஓப்பின் த டோர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முடிந்ததும் அதையே திரும்பச் சொன்னேன். கோபம் வந்தால் "நோ", ஆசை வந்தால் "குட் கேர்ள்". இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லுகிறதெல்லாம் என் தொண்டைக்குள்ளேயே நின்றன. இவரோடு தமிழில் கதைக்க வேண்டுமென்றால் குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்துவேன்.

ஆனால் பிள்ளை கதைத்தாள். முதலில் "மோர்" என்றாள், பிறகு "மம்மி" என்றாள், பிறகு சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. ரீச்சர் கைதட்டினார். ஐந்து வயதில் என்னையே திருத்தினாள்: "நொட் பிஷ், மம்மி. ஃபிஷ்." அவள் திருத்தத் திருத்த எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஏதோ ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் முதலாளியின் முன்னால் நிற்பதுபோலவும் இருந்தது.

குளிக்க வார்க்கும்போது கருவி நனையக்கூடாது. வில்லையைக் கழற்றியதும் அவளுக்கு ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில்தான் நான் தமிழில் கதைப்பேன். என் குஞ்சு, என்ரை செல்லம், உன்ரை முடி உன்ரை பெரியம்மாவின்ரை முடி மாதிரியெல்லோ, உன்னைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வள்ளத்திலை கிளாலிக் கடல் கடக்கேக்கை நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே என்று முதுகைத் தேய்த்தபடி சொல்லிக்கொண்டே போவேன். அவள் நுரையை ஊதி விளையாடுவாள். சில வேளைகளில் நிமிர்ந்து என் வாயைப் பார்ப்பாள். துவாயால் துடைத்து, வில்லையை ஒட்டியதும், "ஓகே. குட் கேர்ள்" என்பேன்.

அவளுக்கு ஆறு வயதானபோது மயூரி பிறந்தாள். வைத்தியசாலையிலேயே காதைச் சோதித்தார்கள், கேட்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளோடு நான் தமிழில்தான் கதைத்தேன். யோசித்து எடுத்த முடிவில்லை. அணை உடைந்ததுபோல் வந்தது. ஒரு பின்னேரம் சின்னவளுக்கு உடுப்பு மாற்றியபடி கதைத்துக்கொண்டிருந்தேன். ஆரணி கட்டிலோரமாக வந்து நின்று, என் வாயையும் தங்கையின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மம்மி, வை டூ யூ ஹாவ் சோ மெனி வேர்ட்ஸ் ஃபோர் ஹேர்?"

அவளுக்கு மட்டும் ஏன் உன்னிடம் இவ்வளவு சொற்கள் என்று கேட்கிறாள். உடனே அடுத்ததையும் கேட்டாள். தங்கையின் காது உண்மையான காது என்பதாலா?

அழவில்லை, கோபப்படவுமில்லை. வானம் ஏன் நீலம் என்று கேட்பதைப்போல் கேட்டாள். நான் அவளை இழுத்து அணைத்தேன். "நோ, நோ. ஷீ இஸ் பேபி" என்றேன். என் ஆங்கிலம் அதற்குமேல் போகவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிராது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள், மொழியை விட்டுக்கொடுத்தவள் என்று என்னை நினைக்கலாம். பிள்ளை இன்றைக்கு மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து படிக்கிறாள். ரெலிபோனில் சிநேகிதியோடு கதைக்கிறாள். நாங்கள் கேட்டது கிடைத்தது. அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன்.

போன கிழமை சமைத்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து யாரோ தமிழ் பேசுவதுபோல் கேட்டது. போய்ப் பார்த்தேன். தங்கையின் முன்னால் சப்பணமிட்டிருந்து ஆரணி கதைத்துக்கொண்டிருந்தாள். நீட்டுகிற இடத்தில் நீட்டி, செல்லம் கொஞ்சுகிற இடத்தில் இழுத்து, நான் கதைப்பதைப் போலவே. ஆனால் அதில் ஒரு சொல்லும் இல்லை, வெறும் ஓசை. சின்னவள் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு இருவரும் திரும்பி, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என்னைப் பார்த்தார்கள். எந்த மொழியில் வாயைத் திறப்பதென்று தெரியாமல் கதவடியிலேயே நின்றேன்.