அண்ணியின் துடுப்புச் சக்கரம்

என் அண்ணிக்குத் தையல் மெஷின் ரிப்பேர் தொழில். முன்னறை முழுக்கக் கழற்றிப் போட்ட மெஷின்கள். தட்டில் ஸ்க்ரூ கிடந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிற குடும்பம் நாங்கள். அண்ணன் ஏரியில் படகோட்டி. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போவான்.

அவனுக்குத் தோள் மூட்டு தேய்ந்துபோனது. இனி துடுப்பைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மோட்டார் மாட்டலாம் என்றால், ஏரி பூராவும் பாசி. தண்ணீருக்குள் விசிறி நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் பாசி வந்து சுருட்டிக்கொள்ளும். படகுத்துறை மேற்பார்வையாளர் கறாராகச் சொன்னார்: "வாரக் கடைசிக்குள்ள முழுசா ஆள் ஏத்தி ஓட்டிக் காட்டுப்பா. இல்லன்னா உன் இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அண்ணிதான் கேட்டாள்: "கைதானே போச்சு? காலு இருக்குல்ல?"

முதலில் தையல் மெஷின் மிதியைப் படகில் பொருத்திப் பார்த்தாள். அது மெதுவாக மிதித்தால் பின்பக்கமாகச் சுற்றும் சனியன். படகு கரைக்கே திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய சைக்கிளிலிருந்து பெடலும் செயினும் எடுத்தாள். படகின் பின்பக்கம் ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் பலகைகள். அகலப் பலகை வைத்தாள், மிதிக்க முடியவில்லை. குறைத்தாள். நெருக்கமாக வைத்தாள், தண்ணீரைக் கலக்கியதே தவிரத் தள்ளவில்லை. தள்ளித் தள்ளி வைத்தாள். பாசி வந்தாலும் பலகை அதை மிதித்துக்கொண்டு போனது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

கடைசியாகச் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் மேலும் கீழுமாகத் துளைகள் போட்டாள். "இங்க பாரு, பலகை மட்டும் தண்ணில முங்கணும். ஆள் ஏறினா படகு இறங்கும், அப்போ சக்கரத்த மேல் துளைக்கு ஏத்திடணும். இல்லன்னா தண்ணிய வாரி இறைக்குமே தவிர நகராது" என்று என்னிடம் சொன்னாள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். காதில் வாங்கினானா? பொம்பளை பேச்சுத்தானே!

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. அண்ணன் பெடலில் உட்கார்ந்தான். பால்காரர், அவருடைய கேன்கள், பள்ளிக்கூட ஆயா, நான், அண்ணி, மேற்பார்வையாளர் என்று படகு நிறைந்தது. பாதி ஏரி வரவில்லை, சக்கரம் திணறியது. அண்ணன் முக்கி முக்கி மிதிக்கிறான், தண்ணீர் எங்கள் தலையில் கொட்டுகிறது. படகு நின்றுவிட்டது.

"தையல் மெஷின் மெக்கானிக்க வச்சுப் படகு செஞ்சா இப்படித்தான்" என்றார் பால்காரர். ஆயா சிரித்தாள். மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். போல்ட்டுகள் கீழ்த் துளையில் இருந்தன! காலையில் அவன் கையில் ஸ்பானரோடு நின்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏங்க, இறக்கினீங்களா?" என்று அண்ணி மெல்லக் கேட்டாள்.

"ஆழமா முங்கினாத்தான இழுக்கும். இத்தன வருஷம் துடுப்புப் போட்டவனுக்குத் தெரியாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். இதையாவது உரக்கச் சொன்னானா, பாவி? பால்காரர் அண்ணியைக் கிண்டல் செய்தபோது வாயே திறக்கவில்லை.

அண்ணி எழுந்தாள். "எல்லாரும் கேன தூக்கிக்கிட்டு முன்பக்கம் போங்க. ஏங்க, நீங்களும் எழுந்திரிங்க." கூட்டம் முன்னால் நகர, பின்பக்கம் தூக்கியது, சக்கரமும் மேலே வந்தது. அவளே பெடலில் உட்கார்ந்து மிதித்தாள். படகு அக்கரையைத் தொட்டது.

மேற்பார்வையாளர் இறங்கியதும் அண்ணன் முதுகில் தட்டினார். "பரவால்லையே! உன் இடம் உனக்குத்தான்பா. நல்ல வேல செஞ்சிருக்க!"

அண்ணன் இளித்தான். "அவளும் கொஞ்சம் கூடமாட உதவி பண்ணா சார்."

கூடமாடவா! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. இப்படி ஒருத்தி பொறுத்துப் போனால் அவன் ஏன் ஏறி மிதிக்க மாட்டான்?

மறுநாள் காலை துறையில் வரிசை நின்றது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படகில் ஏறினான். பெடல்கள் இல்லை.

"ஏய், பெடல் எங்க?"

கரையில் நின்ற அண்ணி தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினாள். "இந்தச் சக்கரத்த யாரு செஞ்சது, நேத்து போல்ட்ட இறக்கினது யாருன்னு மேற்பார்வையாளர்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. மாட்டித் தர்றேன்."

"நாலு பேரு பாக்குறாங்கடி."

"நேத்தும் பாத்தாங்க."

வரிசையிலிருந்த பால்காரர் குனிந்து கேனைப் பார்த்தார். அண்ணன் வரிசையைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பிறகு படகிலிருந்து இறங்கி மேற்பார்வையாளர் அறையை நோக்கி நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறானா என்று பார்க்க வேண்டாமா?