முதல் பக்கத்தில் இருப்பவர் அண்ணன்தான்

இந்த நினைவு மலரைத் திறந்ததும் திடுக்கிட்ட உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். அங்கே முகம் இல்லை, விலா எலும்புகள்தாம். ஆனாலும் அவர் என் அண்ணன்தான்.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், கைக்குழந்தையான என்னோடும் பெற்றோரோடும் கப்பலேறிப் பினாங்கு வந்தார். பெற்றோர் அடுத்தடுத்துக் காலமாக, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதும் கிராணியாகி என்னை வளர்த்தார்.

மாலுமிகள் படித்து எறியும் ஆங்கில விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளை அள்ளி வருவார். அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்து, சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். நிலவுக்குப் போகும் வண்டி, மனத்தில் ஒளித்ததையெல்லாம் காட்டிக்கொடுக்கும் ஒளி! அண்ணிக்கும் எனக்கும் சோறு ஆறிப்போகும்.

"எல்லாம் பொய்தானே அண்ணே?" என்றேன் ஒருநாள்.

"நாகப்பட்டினத்துல இருந்தப்ப பினாங்கும் எனக்குக் கதைதான்டா. ஏறி வந்து பாத்தேன், இருந்துச்சுல்ல?"

அதன்பின் நான் அப்படிக் கேட்டதில்லை.

புகைப்படம் எடுக்க மட்டும் வரவே மாட்டார். "இன்னும் நல்ல மெஷின் வரும், அப்ப எடுத்துக்கலாம் லா" என்பார்.

சென்ற ஆண்டு இருமல் முற்றி, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அண்ணன் மாப்பிள்ளை போல் போய் நின்றார். அவர் தோளைப் பிடித்திருந்த எனக்கோ பதற்றம். கதையில் வந்த அதே ஒளி! என் மனத்தையும் சேர்த்துப் படம் பிடித்துவிட்டால்? முந்திக்கொண்டு கத்திவிட்டேன்.

"அண்ணி! தைப்பூச விரதத்துல ஆட்டுக்கறி முர்தபா தின்னுட்டேன்!"

கதவோரம் நின்ற அண்ணி அசரவில்லை. "அன்னைக்கே தெரியும் தம்பி. சட்டையெல்லாம் கறி வாசனை."

அண்ணன் குலுங்கிச் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க கிராணியாரே, படம் கெட்டுப்போச்சு!" என்றார் படம் எடுத்த டிரஸ்ஸர். மறுபடி எடுத்தார்கள். கெட்ட படத்தை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைத் தினமும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "கதையில வந்த ஒளி எனக்குள்ளயே வந்துட்டுப் போயிருக்குடா" என்பார். இரண்டு மாதத்தில், குறையொன்றும் சொல்லாமல் கண்மூடினார்.

மலருக்குப் படம் வேண்டும் என்று அச்சகத்தார் கேட்டதும் எனக்குப் பழைய பதற்றம். அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு நானே ஸ்டூடியோவில் போய் நின்றேன். ஜாடை ஒன்றுதானே!

படத்தை அண்ணி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது முர்தபா தின்ன முகம். அவரையே போடுங்க."

போட்டுவிட்டேன். அந்தக் கெட்ட எக்ஸ்ரேயைத் தூக்கி எறியாமல் கொடுத்த டிரஸ்ஸருக்கும், முணுமுணுத்துக்கொண்டே அச்சிட்ட அச்சகத்தாருக்கும், நோயில் துணைநின்ற துறைமுகத் தோழர்களுக்கும், ஆண்டு நிறைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

படத்தின் நடுவே சற்றுக் கலங்கியிருப்பது அச்சுப் பிழை அன்று. அண்ணன் சிரித்த இடம் அது.